ஆர்எம்எம்-ல் மாஸ்டர், டிசிடிபி-யில் ஸ்க்ராட்ச்: 004417 விஷயத்தில் எந்தப் பதிவை நம்புவது?

2024 ஜூன் 4, காலை. வாசகர் கேள்வி

அண்ணா, எங்கள் மெயின்ஃப்ரேம் ஷாப்பில் டேப் எல்லாம் டிஎஸ்7700 என்ற ஐபிஎம் டேப் லைப்ரரியில். எந்த டேப்பில் என்ன, யாருடையது என்று கணக்கு வைக்க ஆர்எம்எம் என்ற சாஃப்ட்வேர். நேற்று ஒரு ரீஸ்டோர் ஜாப் 004417 என்ற வால்யூமை (டேப்பை) கேட்டு நின்றுவிட்டது. ஆர்எம்எம்-ல் பார்த்தால் மாஸ்டர் (டேட்டா இருக்கிறது, தொடாதே), டேட்டாசெட் பெயர், உரிமையாளர் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. லிஸ்ட்கேட் கட்டளை போட்டு டேப் கேட்லாகான டிசிடிபி-யில் வால்யூம் என்ட்ரியைப் பார்த்தால் ஸ்க்ராட்ச், அதாவது காலி, யாரும் மேலே எழுதலாம். லைப்ரரியிலும் ஸ்க்ராட்ச் கேட்டகரி 0002. மூன்றில் இரண்டு ஸ்க்ராட்ச் என்கிறதே, ஆர்எம்எம் பதிவைத்தான் மாற்ற வேண்டுமா? மூன்றையும் ஒப்பிடும் வெரிஃபை ஓட்டினால் இதே மாதிரி 340 வால்யூம் வருகிறது.

ஜூன் 4, மதியம்

ஆர்எம்எம் பதிவைத் தொடாதீர்கள். ஓட்டுப் போட்டு முடிவு செய்கிற விஷயம் இல்லை இது.

ஆர்எம்எம்-ன் சிடிஎஸ், அதாவது அதன் கட்டுப்பாட்டுக் கோப்புதான் மூலப் பதிவு. ஆர்எம்எம்-ன் எட்ஜ்யூடில் கருவியில் எஸ்எம்எஸ்டேப்புக்கு மெண்ட், அதாவது பதிவுகளைச் சரிசெய் என்று கொடுத்தால் அது சிடிஎஸ் சொல்வதை உண்மை என்று வைத்துக்கொண்டு டிசிடிபி-யையும் லைப்ரரியையும் திருத்திவிடும். 340-ம் ப்ரைவேட்டுக்கு, அதாவது உரிமையாளருள்ள டேப் என்ற நிலைக்குத் திரும்பிவிடும். வேலை முடிந்தது.

ஜூன் 4, இரவு 11 மணி

முடியவில்லை. மதியம் சாப்பாட்டுக்கு நடுவில் எழுதியது, அதைத் திரும்பப் பெறுகிறேன். மெண்ட் இன்னும் ஓட்டவில்லை என்றால் ஓட்டாதீர்கள்.

340 என்ற எண்தான் தூங்கவிடவில்லை. ஒரே ஒரு டேப் இப்படி முரண்பட்டால் யாரோ கைதவறி எதையோ மாற்றியிருக்கிறார் என்று விட்டுவிடலாம். 340 டேப் ஒரே திசையில் முரண்பட்டால் அது கைத்தவறு இல்லை, ஏதோ ஒரு ஜாப்.

நம் ஊர் நிலத்தை வைத்துச் சொல்கிறேன். ஒரே நிலத்துக்குப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். பட்டா தாலுகா அலுவலகத்தில் இருக்கும். வேலி போட்டு உள்ளே தென்னை வைத்திருப்பவர் மூன்றாவது ஆளாக இருப்பார். மூன்றும் ஒத்துப்போனால் அதிர்ஷ்டம். ஒத்துப்போகாதபோது 'எது சரி' என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். 'இந்தப் பதிவை யார், எப்போது, எதைக் கையில் வைத்துக்கொண்டு எழுதினார்கள்' என்று கேட்டால்தான் வழக்கு நகரும்.

ஆர்எம்எம் சிடிஎஸ் பத்திரம். டேப்பில் என்ன இருக்கிறது, யாருடையது, எது வரை வைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். டிசிடிபி பட்டா: சிஸ்டத்தின் வால்யூம் கேட்லாகில் இருக்கும் சின்னப் பதிவு, டேப் எந்த லைப்ரரியில் இருக்கிறது, ப்ரைவேட்டா ஸ்க்ராட்சா என்று மட்டும் சொல்லும். லைப்ரரியின் கேட்டகரி, வேலி. 000எஃப் என்றால் ப்ரைவேட். 0002 என்றால் ஸ்க்ராட்ச் கேட்டு வருகிறவன் யாராக இருந்தாலும் அவன் கையில் கொடுத்துவிடும்.

முக்கியமான இடம் இனிமேல்தான். ஒரு டேப்பை ப்ரைவேட்டிலிருந்து ஸ்க்ராட்சுக்கு மாற்றும்போது லைப்ரரியைக் கையாளும் ஓஏஎம் என்ற சிஸ்டம் பகுதி ஒரு எக்ஸிட்டை (இடையில் செருகிய சிறு ப்ரோக்ராமை) கூப்பிட்டுக் கேட்கும். ஆர்எம்எம் நிறுவிய சிஸ்டத்தில் அந்த எக்ஸிட் ஆர்எம்எம்-ஐக் கேட்கும். 'இது மாஸ்டர், விடமாட்டேன்' என்று ஆர்எம்எம் மறுத்துவிடும். அதாவது உங்கள் ப்ரொடக்‌ஷன் ஆர்எம்எம் பார்த்துக்கொண்டிருக்கும்போது இந்த முரண்பாடு வரவே முடியாது. வந்திருக்கிறது என்றால், அது பார்க்காத வேறு ஒரு சிஸ்டத்திலிருந்து வந்திருக்கிறது. அந்த சிஸ்டத்துக்கு உங்கள் டிசிடிபி-யும் தெரிகிறது, லைப்ரரியும் தெரிகிறது.

அதே லைப்ரரியில் தொங்கிக்கொண்டிருக்கும் இன்னொரு எல்பார் (ஒரே மெஷினுக்குள் தனி சிஸ்டமாக ஓடும் பகுதி) எது? டெஸ்ட்? டிஆர் (பேரிடர் மீட்பு) ஒத்திகை? அதைக் கண்டுபிடித்து முதலில் லைப்ரரியிலிருந்து கழற்றுங்கள். திருத்துவது எல்லாம் அப்புறம்.

ஜூன் 5

எக்ஸிட்டின் பெயர் கேட்டிருந்தீர்கள். சிபிஆர்யுஎக்ஸ்சியுஏ. இருபது வருடத்தில் இதை வாயால் சொன்ன ஒருவரையும் நான் பார்த்ததில்லை. எல்லோரும் திரையைத் தொட்டுக் காட்டுவார்கள்.

ஜூன் 6, காலை

தகவலுக்கு நன்றி எல்லாம் அப்புறம், கதை நான் நினைத்ததைவிட அசிங்கமாக இருக்கிறது. எனக்குப் புரிந்த வரிசை இது, தப்பிருந்தால் சொல்லுங்கள்:

மே 25 சனிக்கிழமை டிஆர் ஒத்திகைக்காக ப்ரொடக்‌ஷனை அப்படியே நகல் எடுத்து ஒரு எல்பார் எழுப்பினார்கள். ஆர்எம்எம் சிடிஎஸ்-ஸும் நகல். டேட்டாசெட் எங்கே இருக்கிறது என்று சொல்லும் யூசர் கேட்லாக்குகளையும் நகல் எடுத்தார்கள், ஆனால் புது மாஸ்டர் கேட்லாகில் சிலவற்றை இணைக்கவில்லை. லைப்ரரியும் டிசிடிபி-யும் மட்டும் நகல் இல்லை, அசல். மே 26 ஞாயிறு அதிகாலை நகல் எல்பாரில் தேவை முடிந்த டேப்பை விடுவிக்கும் ஆர்எம்எம் ஹவுஸ்கீப்பிங் தானாக ஓடியது, ஏனென்றால் ஷெட்யூலரும் நகல். கேட்லாகில் இருக்கும் வரை வைத்திரு என்ற விதியில் இருந்த டேட்டாசெட்டுகளை அது கேட்லாகில் தேடியது. இணைக்காத கேட்லாகில் எப்படிக் கிடைக்கும்? கிடைக்கவில்லை, அதனால் தேவையில்லை, அதனால் ரிலீஸ், அதனால் ஸ்க்ராட்ச். நகல் ஆர்எம்எம் தன் நகல் சிடிஎஸ்-ஐப் பார்த்துத்தானே எக்ஸிட்டுக்கு 'ஆம்' சொல்லும்? சொல்லிவிட்டது. அசல் டிசிடிபி-யும் அசல் லைப்ரரியும் கேட்டுக்கொண்டன.

மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, டிஆர் ஒத்திகையில் உடைவது எப்போதும் மண்குடம்தான், யாரும் ரிப்போர்ட் எழுத மாட்டார்கள்.

இதைப் படித்தவுடன் எனக்கு வயிற்றைக் கலக்கியது, காரணம் இதே தவறை நான் செய்திருக்கிறேன்.

1998. ஒய்2கே வேலைக்காக அமெரிக்காவில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் டேட்டா சென்டர். பெயர் வேண்டாம். அங்கே ஆர்எம்எம் இல்லை, அதே வேலை செய்யும் சிஏ-1. டேப்பில் முக்கால்வாசி ஜேசிஎல்-ல் (ஜாபை ஓட்டும் கட்டளைக் குறிப்பில்) எக்ஸ்பையரி தேதி 99000 என்று போட்டிருக்கும். அது தேதி இல்லை, 'கேட்லாகில் இருக்கும் வரை வை' என்று சிஏ-1-க்குச் சொல்லும் சங்கேதம். நான் இரண்டு யூசர் கேட்லாக்குகளை ஒன்றாக இணைக்கும் வேலையில் இருந்தேன். வெள்ளி இரவு ஆரம்பித்தேன், பழைய கேட்லாகின் ஏலியாஸ்களை (எந்தப் பெயரை எந்தக் கேட்லாகில் தேடு என்ற இணைப்புகளை) கழற்றினேன், புதியதில் மாட்டுவதற்கு முன் ஒரு ஸ்பேஸ் பிரச்சினை வந்தது, அதைச் சரிசெய்யப் போனேன், நடுவில் இரவு இரண்டு மணி ஆகிவிட்டது. இரண்டு மணிக்குத்தான் டேப் க்ளீன்அப் ஓடும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஷெட்யூலரில் நிறுத்தி வைக்கத் தோன்றவில்லை.

காலையில் ஸ்க்ராட்ச் லிஸ்ட் அச்சாகி வந்தது. அப்போது அங்கே பாதி டேப் ரோபோவில், பாதி ரேக்கில். ரேக்கில் இருப்பதை லிஸ்டைப் பார்த்துக் கையால்தான் உருவி எடுக்க வேண்டும். டேப் லைப்ரரியன் ஒரு வயதான அம்மா, 3420 ரீல் காலத்திலிருந்து அங்கேயே இருந்தவர். அவருக்குக் கேட்லாக் தெரியாது, ஏலியாஸ் தெரியாது. லிஸ்டைக் கையில் வாங்கி எடை பார்த்தார். 'வழக்கமாகச் சனிக்கிழமை லிஸ்ட் இவ்வளவு கனம் இருக்காது' என்று சொல்லி மேஜையில் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார். ஒரு டேப்பைக்கூட உருவவில்லை.

ரேக்கில் இருந்தவை அதனால் பிழைத்தன. ரோபோவில் இருந்தவற்றில் சிலவற்றை ஞாயிறு காலைக்குள் வேறு ஜாப்கள் எடுத்து எழுதிவிட்டன.

ஜூன் 6, மாலை

காலையில் 'தேதி இல்லை, சங்கேதம்' என்று எழுதியதற்கு ஒருவர் மற்றவையும் கேட்டிருக்கிறார். ஞாபகத்திலிருந்து சிஏ-1 உலகம்: 99000 என்றால் கேட்லாகில் இருக்கும் வரை. 99005 என்றால் அந்தப் பெயரில் கடைசி ஐந்து சுற்று மட்டும் வை. 98030 என்றால் கடைசியாகத் தொட்டு முப்பது நாள் ஆகும் வரை. 98000 என்றால் 'இது நம்ம டேப் இல்லை, வெளியிலிருந்து வந்தது, நீ கண்டுகொள்ளாதே'. 99365 என்றால் என்றென்றும்.

அந்தக் கடைசி ஒன்றுதான் ஒய்2கே-யில் எங்களுக்குச் சோறு போட்டது. வெகு காலத்துக்கு முன் ஒருவர் 'என்றென்றும்' என்பதற்கு 1999-ன் 365-வது நாளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அவர் வாழ்நாளில் அது வராது என்று நினைத்திருப்பார், பாவம். அந்தத் தேதி வந்தால் என்றென்றும் வைத்திருக்க வேண்டிய டேப் எல்லாம் ஒரே இரவில் காலாவதி ஆகுமா என்று எங்களிடம் மீட்டிங் மேல் மீட்டிங். 99365, 99366 இரண்டையும் என்றும் காலாவதியாகாத தேதி என்றே ஐபிஎம் ஜேசிஎல் கையேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஜனவரி 1 காலை நான் கேண்டீனில் டோனட் தின்றுகொண்டிருந்தேன்.

ஜூன் 8, அதிகாலை 4:40

இதற்காக எழுந்து உட்கார்ந்தேன். நான் உட்பட எல்லோரும் தப்பான பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

வெரிஃபை கொடுத்த 340-ம் முரண்பட்ட டேப்கள். ஆர்எம்எம் மாஸ்டர் என்கிறது, மற்ற இரண்டும் ஸ்க்ராட்ச் என்கின்றன. சரி. அப்படியென்றால் ஸ்க்ராட்ச் ஆன பிறகு அவற்றை யாரும் எடுத்து எழுதவில்லை என்று அர்த்தம். இன்னும் ஸ்க்ராட்சாகவே கிடக்கின்றன. அவை பத்திரமானவை!

நகல் எல்பாரில் மே 28 செவ்வாய் டெஸ்ட் பேட்ச் ஓடியது என்று எழுதியிருந்தீர்கள். அந்த பேட்ச் ஸ்க்ராட்ச் டேப் கேட்டிருக்கும். லைப்ரரி 0002-லிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கும். அது உங்கள் ப்ரொடக்‌ஷன் டேப்பாக இருந்தால்? எழுதியவுடன் அது ப்ரைவேட் ஆகிவிடும். டிசிடிபி-யில் ப்ரைவேட். லைப்ரரியில் 000எஃப். உங்கள் ப்ரொடக்‌ஷன் ஆர்எம்எம்-ல் அது பழையபடி மாஸ்டர், பழைய டேட்டாசெட் பெயரோடு. மூன்று பதிவும் அழகாக ஒத்துப்போகும். வெரிஃபை வாயே திறக்காது. உள்ளே இருப்பது வேறு.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழி டேப் லைப்ரரிக்குச் சொன்னது மாதிரி இருக்கிறது. மூன்று ஏட்டிலும் சுரைக்காய் இருக்கிறது, கொடியில் தொங்குவது பீர்க்கங்காய்.

ஆகவே அந்த 340 அவசரம் இல்லை. ஒத்துப்போகிற பல்லாயிரத்தில் எங்கேயோ ஒளிந்திருப்பவைதான் அவசரம். நிலத் தகராறில் அடுத்து என்ன செய்வோம்? வில்லங்கம் போட்டுப் பார்ப்போம். இங்கே வில்லங்கச் சான்றிதழ் எஸ்எம்எஃப், அதாவது சிஸ்டம் தானே எழுதும் நடவடிக்கைப் பதிவு. நகல் எல்பாரின் எஸ்எம்எஃப்-ல் டைப் 15, அதாவது வெளியே எழுதுவதற்காகத் திறந்த டேட்டாசெட்டுகளின் பதிவு, அதில் வால்சர் (டேப்பின் ஆறு எழுத்து எண்) இருக்கும். மே 26 முதல் கழற்றிய நாள் வரை அந்த எல்பார் எழுதிய டேப் வால்சர் எல்லாவற்றையும் எடுங்கள். நகல் சிடிஎஸ் இன்னும் அழிக்கவில்லை என்றால் அதிலும் மே 26-க்குப் பிறகு அசைன் ஆன வால்யூம்களைத் தேடலாம். இரண்டையும் எடுத்து ஒப்பிடுங்கள், ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம்.

நகல் எல்பாரை யாரும் அழித்துவிட வேண்டாம் என்று இப்போதே போன் செய்து சொல்லுங்கள். சனிக்கிழமை என்று பார்க்காதீர்கள். ஒத்திகை முடிந்தால் முதலில் செய்வது டிஸ்க்கைத் திருப்பிக் கொடுப்பதுதான்.

ஜூன் 8, மதியம்

'பல்லாயிரம்' என்று பயமுறுத்திவிட்டேன். நகல் எல்பார் எழுதியவை 63, அதில் உங்கள் ப்ரொடக்‌ஷன் ஆர்எம்எம் மாஸ்டர் என்று சொல்பவை 11. பதினொன்றா, நல்லது.

340-ஐ இப்போது ப்ரைவேட் ஆக்கிவிடலாம். மெண்ட் ஓட்டலாம், நான் முதல் நாள் சொன்னது இந்த 340-க்கு மட்டும் சரி. அதற்கு முன் டிஎஸ்7700-ல் 0002 கேட்டகரிக்கு எக்ஸ்பையர் டைம் எவ்வளவு, ஹோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்க்ராட்சுக்குப் போன டேப்பின் டேட்டாவை அந்த நேரம் முடிந்ததும் லைப்ரரியே அழித்துவிடும். மே 26-லிருந்து எண்ணினால் இன்று பதின்மூன்றாவது நாள்.

ஜூன் 9, ஞாயிறு

அந்தப் பதினொன்றில் பத்தின் லேபிளில் (டேப்பிலேயே டேட்டாவுக்கு முன் எழுதியிருக்கும் தலைப்பில்) டெஸ்ட் டேட்டாசெட் பெயர் தெளிவாக இருக்கிறது, 004418-ல் மட்டும் பழைய பெயரே இருக்கிறது, அது தப்பித்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். எஸ்எம்எஃப் எழுதியது என்கிறது, லேபிள் இல்லை என்கிறது.

லேபிளை நம்பாதீர்கள். லேபிள் பொய் சொல்லவில்லை, பாதி சொல்கிறது.

டேட்டாசெட் பெயர் 44 எழுத்து வரை போகலாம். டேப்பின் எச்டிஆர்1 லேபிளில் அதற்கு இருக்கும் இடம் 17 எழுத்து. பெயரின் கடைசி 17 மட்டும் எழுதப்படும். உங்கள் பேக்கப் பெயர் மந்த்லி, புள்ளி, பேக்கப், புள்ளி, ஜி0012வி00 என்று முடிகிறது. ஜெனரேஷன் எண் எட்டு எழுத்து. அதற்கு முன் புள்ளியோடு பேக்கப் என்ற ஆறு எழுத்து, இன்னொரு புள்ளி. பதினாறு ஆயிற்று. மீதி ஒரே எழுத்து, மந்த்லியின் கடைசி 'ஒய்'. லேபிளில் இருப்பது ஒய்.பேக்கப்.ஜி0012வி00.

இப்போது டெய்லியை ஆங்கிலத்தில் எழுதுங்கள். வீக்லியை எழுதுங்கள். எல்லாம் ஒய்யில்தான் முடியும். டெய்லி பேக்கப்பின் 12-வது ஜெனரேஷனும் மந்த்லியின் 12-வதும் லேபிளில் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றைக் கேட்டு மற்றதை மாட்டினால் பெயர் பொருந்தவில்லை என்று ஜாபை நிறுத்தும் 813 அபெண்ட் கூட வராது, ஏனென்றால் சிஸ்டம் லேபிளோடு ஒப்பிடுவதும் அந்த 17-ஐத்தான். முழு 44-ஐயும் வைத்திருந்து மாட்டும்போது ஒப்பிட்டுப் பார்க்கிற பதிவு ஆர்எம்எம்-ல்தான் இருக்கிறது. டேப் மேனேஜ்மெண்ட் என்று ஒரு சாஃப்ட்வேரை எல்லா ஷாப்பும் ஏன் காசு கொடுத்து வாங்குகிறது என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். இதுவே பாதி பதில்.

எச்டிஆர்1-ல் உருவாக்கிய தேதியைப் பாருங்கள். ஆறு எழுத்து. 1900-களுக்கு முதல் இடம் காலி, 2000-க்குப் பிறகு முதல் இடத்தில் 0. பிறகு வருடம் இரண்டு, நாள் மூன்று. ஆர்எம்எம் சொல்லும் தேதியோடு ஒப்பிடுங்கள்.

ஜூன் 9, இரவு

தேதியைச் சொன்னேன், அதைவிட நல்ல சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது, மறந்துவிட்டேன். எச்டிஆர்2-ல் எழுதிய ஜாபின் பெயரும் ஸ்டெப்பின் பெயரும் இருக்கும். ஆர்எம்எம்-லும் ஜாப் பெயர் இருக்கும்.

படிப்பதற்கு பிஎல்பி அனுமதி வேண்டும், லேபிளைக் கண்டுகொள்ளாமல் படிக்கிற வழி. செக்யூரிட்டி ஆட்கள் லேசில் தரமாட்டார்கள், தரவும் கூடாது. பத்து நிமிடத்துக்கு வாங்கி, ஐஇபிஜெனர் என்ற காப்பி கருவியை வைத்து முதல் ஃபைலை அச்சடித்தால் 80 எழுத்து வரிகள் சில வரும், அவ்வளவுதான்.

ஜூன் 10

மூன்றாவது சாட்சியும் உண்டு. இதோடு நிறுத்துகிறேன். எச்டிஆர்1-ல் அந்த 17 எழுத்துக்கு அடுத்த ஆறு எழுத்து, அந்த டேட்டாசெட்டின் முதல் வால்யூமின் வால்சர். அதற்கடுத்த நான்கு, இது எத்தனையாவது வால்யூம் என்பது. 004418 ஐந்து வால்யூம் கொண்ட பேக்கப்பில் மூன்றாவது என்று ஆர்எம்எம் சொன்னால் லேபிளில் 0003 இருக்க வேண்டும். 0001 என்று இருந்தால் அஞ்சலிக் கூட்டம்தான்.

ஜூன் 14

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாத கிளைக்கதை. வேலை நேரத்தில் படிப்பவர்கள் தாண்டிப் போகலாம்.

வால்சர் ஆறே எழுத்து என்பதால் வரும் இன்னொரு கூத்து இரண்டு கம்பெனி இணையும்போது நடக்கும். நான் பார்த்த இடத்தில் இரண்டு பேருமே 100000-லிருந்து எண்ணத் தொடங்கியவர்கள். ஊர்த் திருவிழாவில் 'முருகேசா' என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அதற்காகத்தான் இனிஷியல். வால்சருக்கு இனிஷியல் கிடையாது. ஒரே டேப் கேட்லாகில் 104233 இரண்டு முறை இருக்க முடியாது. வெளியே ஸ்டிக்கரில் வேறு பார்கோடு ஒட்டலாம், ஆனால் உள்ளே டேப்பின் முதல் லேபிளான வால்1-ல் பழைய எண்தான் இருக்கும், மாட்டியவுடன் சிஸ்டம் 'நான் கேட்டது இது இல்லை' என்று வெளியே துப்பும். ஆர்எம்எம்-ல் வெளி எண்ணையும் உள் எண்ணையும் தனித்தனியாகப் பதிய வழி இருக்கிறது. நாங்கள் இருந்தது வேறு சாஃப்ட்வேர். எட்டு மாதம் இரவு பகலாக டேப்பிலிருந்து டேப்புக்கு காப்பி அடித்தோம். அந்த வேலையில் இருந்த நாலு பேரில் இரண்டு பேர் இன்று மெயின்ஃப்ரேம் என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து போய்விடுகிறார்கள்.

ஜூன் 16

'இனி நடக்காமல் இருக்க என்ன செய்வது' என்று உங்கள் மேலாளர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். பவர்பாயிண்டுக்கு ஆகாத பதில்தான் என்னிடம் இருக்கிறது.

நகல் எல்பாரில் ஷெட்யூலரை நிறுத்திவிட்டு ஐபிஎல் (பூட்) செய்யுங்கள். லைப்ரரியை நகலுக்கு ஆன்லைன் கொண்டுவர வேண்டும் என்றால் அதற்கென்று தனி ஸ்க்ராட்ச் கேட்டகரி, தனி வால்சர் வரிசை, தனி டிசிடிபி. ஆர்எம்எம்-ன் அமைப்புகள் இருக்கும் பார்ம்லிபில் இந்த எல்பார் எந்த வரிசையைத் தொடலாம் என்று பார்ட்டிஷன் விதி எழுதலாம், ஆனால் பார்ம்லிபும் நகலாகத்தானே வரும்? அசலின் விதியே நகலிலும் இருக்கும். ஆகவே நகல் எடுத்தவுடன் மாற்ற வேண்டிய மெம்பர்களின் பட்டியலில் அதை முதலில் வையுங்கள்.

அப்புறம் அந்த அம்மாவின் கையை சாஃப்ட்வேரில் வைக்கலாம். விஆர்எஸ்டிராப், எக்ஸ்பிடிடிடிராப் என்று ஆர்எம்எம்-ல் ஆப்ஷன்கள் உண்டு. ஒரே ஹவுஸ்கீப்பிங்கில் இத்தனை சதவீதத்துக்கு மேல் வால்யூம்கள் பாதுகாப்பை இழந்தால் எச்சரி, அல்லது நிறுத்து என்று சொல்லலாம். பல ஷாப்பில் எச்சரிக்கை மட்டும் போட்டு வைத்திருப்பார்கள். எச்சரிக்கை லாகில் வரும். ஞாயிறு அதிகாலை லாகை யார் படிக்கிறார்கள்? ஃபெயில் என்று போடுங்கள். வருடத்தில் இரண்டு முறை நல்ல காரணத்துக்கே ஹவுஸ்கீப்பிங் நின்று உங்களை எழுப்பும். எழுந்திருங்கள்.

1998-ல் எனக்கு இது இல்லை என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். ஆனால் அன்று நான் செய்ய வேண்டியிருந்தது ஒரு ஜாபை ஹோல்டில் போடுவது மட்டும்தான்.

ஜூன் 17

பத்தியைத் திரும்பப் படித்தேன். 'தனி டிசிடிபி' என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன், அது சின்ன வேலை இல்லை. முதல் மாதத்துக்குத் தனி கேட்டகரியும், லைப்ரரியை ஆஃப்லைனில் வைப்பதும் போதும்.

ஜூன் 22

உங்கள் கடைசித் தகவலை இங்கே பதிந்து வைக்கிறேன், பின்னால் தேடி வருபவர்களுக்கு உதவும்.

340-ல் 340-ம் ப்ரைவேட்டுக்குத் திரும்பின. எக்ஸ்பையர் டைம் முப்பது நாள் வைத்திருந்ததால் டேட்டாவும் இருந்தது. 004417 அதில் ஒன்று, அந்த ரீஸ்டோர் ஜாப் ஓடி முடிந்தது.

பதினொன்றில் பத்து, பழைய பேக்கப் ஜெனரேஷன்கள். புதியவை இருப்பதால் யாரும் கவலைப்படவில்லை, ஆர்எம்எம்-ல் அந்தப் பதிவுகளை மட்டும் முறைப்படி விடுவித்தார்கள்.

004418-ன் எச்டிஆர்1-ல் பெயர் ஒய்.பேக்கப்.ஜி0012வி00. ஆர்எம்எம் சொல்லும் தேதி 2024-ன் 60-வது நாள், பிப்ரவரி 29, மாதக் கடைசி. லேபிளில் தேதி 024149. மே 28. வால்யூம் வரிசை 0001. எச்டிஆர்2-ல் டெய்லி பேக்கப் ஜாபின் பெயர். ஐந்து வால்யூமில் நடுவிலிருந்தது போய்விட்டது, மற்ற நான்கும் நன்றாக இருக்கின்றன, மூன்றாவது இல்லாமல் அவற்றை வைத்து முழு ரீஸ்டோர் செய்ய முடியாது.

பிப்ரவரி மாதக் கடைசி பேக்கப் யாருக்காவது வேண்டுமா என்று கேட்க ஆர்எம்எம்-ல் உரிமையாளர் ஐடியைப் பார்த்திருக்கிறீர்கள். அந்த ஐடி-க்காரர் ஆறு வருடம் முன்பே வேலையை விட்டுப் போய்விட்டாராம். அவர் ஐடியில் இன்னும் எத்தனை வால்யூம் இருக்கிறது என்று ஒரு சர்ச் போட்டுப் பாருங்கள். என் ஊகம் நாலு இலக்கம்.